உடம்பில் எதையும் செலுத்தாமல் ரத்த ஓட்டத்தைக் கண்காணிக்க முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. இப்போது எக்கோ அறிக்கையில் பம்பிங் 30 சதவீதம் என்று இருக்கிறது. இந்த ஆண்டில் மட்டும் இரண்டு முறை மூச்சுத்திணறலோடு ஐ.சி.யு.வில் சேர்த்தோம். இரண்டாவது முறை கழுத்து வழியாகக் குழாய் ஒன்றைச் செலுத்தி நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தை அளந்தார்கள். அதற்குப் பிறகு, "இன்னொரு தடவை அந்தக் குழாய் வேண்டவே வேண்டாம்" என்கிறார் அப்பா. டிஸ்சார்ஜ் ஆகும்போது பி.பி. 96/76, எடை 61 கிலோ. உடம்புக்குள் எதையும் விடாமல் வெளியிலிருந்தே ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவிகள் வந்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். மார்பில் ஒட்டும் மின்முனைகள், நுரையீரல் நீரைக் காட்டும் மேலங்கி, ஸ்மார்ட் வாட்ச் என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார். இவை உண்மையிலேயே பயன்படுமா? எதை வாங்கலாம்? வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில் (இதயநோய் மருத்துவர்): கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயச் செயலிழப்பு உள்ளவரின் ரத்த ஓட்டத்தை வெளியிலிருந்தே கணிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறந்தவை மருத்துவமனையில் இருக்கின்றன. கடையில் வாங்கக் கூடியவை அல்ல. வீட்டுக்கு இப்போது வேண்டியது நல்ல எடை இயந்திரம், கையில் கட்டும் பி.பி. மெஷின், ஒரு நோட்டுப் புத்தகம், அதில் எழுதும் எண்ணைப் பார்த்து அன்றே முடிவு சொல்லக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண். இந்த நான்கில் கடைசியானதுதான் மற்ற மூன்றுக்கும் உயிர் கொடுக்கிறது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாம் அளக்க நினைப்பது எதை?

ஏரியின் மதகு சரியாகத் திறக்கவில்லை என்றால் இரண்டு கெடுதல் நேரும். முன்னால் உள்ள வயலுக்குத் தண்ணீர் போதாது. பின்னால் கரையோரம் தண்ணீர் ஏறும். பலவீனமான இதயத்திலும் அப்படித்தான். முன்னால் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் தசைகளுக்கும் ரத்தம் குறைகிறது; களைப்பு, தலைசுற்றல், கைகால் குளிர்ச்சி வருகின்றன. பின்னால் நுரையீரலிலும் கால்களிலும் வயிற்றிலும் நீர் தேங்குகிறது. மூச்சுத்திணறலும் வீக்கமும் வருகின்றன. எனவே மருத்துவர் கேட்பது இரண்டே கேள்விகள்: நீர் தேங்கியிருக்கிறதா? ரத்தம் போதிய அளவு போகிறதா?

அமெரிக்க இதயநோய் மருத்துவர் லின் ஸ்டீவன்சன் இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தார்: உடல் வெதுவெதுப்பா குளிர்ச்சியா, ஈரமா உலர்வா. 'ஈரம்' என்றால் நீர் தேக்கம். 'குளிர்ச்சி' என்றால் ரத்த ஓட்டக் குறைவு. நீர் மாத்திரையைக் கூட்டுவதா, இதயத்துக்கு ஊக்கம் தரும் மருந்தை ஏற்றுவதா என்பதை இந்தக் கட்டங்கள்தான் தீர்மானிக்கின்றன. எந்தக் கருவியின் விளம்பரத்தைப் பார்த்தாலும், இந்த இரண்டு கேள்விகளில் எதற்கு இது பதில் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்களை மிரட்டும் அந்த '30 சதவீதம்' இரண்டில் எதற்கும் நேரான பதில் அல்ல. பம்பிங் என்று நாம் சொல்வது, இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்ற கணக்கு. 120 மி.லி. கொள்ளும் இதயம் 55 சதவீதத்தை வெளியேற்றினால் 66 மி.லி. போகும். விரிந்துபோய் 220 மி.லி. கொள்ளும் இதயம் 30 சதவீதத்தை வெளியேற்றினாலும் அதே 66 மி.லி.தான் போகும். பம்பிங் குறைந்திருந்தும் சிலர் நடமாடுவதற்கு இந்தக் கணக்கில் விளக்கம் இருக்கிறது.

அந்தக் குழாயை ஏன் போட்டார்கள்?

இதயத்துக்குள் குழாயைச் செலுத்தலாம் என்று முதலில் காட்டியவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-ல் தன் கை வழியாகத் தானே குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுனியில் சிறு பலூன் உள்ள கதீட்டரை ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ஆகியோர் 1970-ல் அறிமுகப்படுத்தினார்கள். ரத்த ஓட்டமே அந்தப் பலூனை நுரையீரல் தமனிக்கு இழுத்துச் செல்லும். உங்கள் அப்பாவுக்குப் போட்டது இந்த வகைக் குழாயாகத்தான் இருக்கும். நுரையீரல் பக்கத்து அழுத்தத்தையும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் போகிறது என்பதையும் அது நேரடியாகச் சொல்லும். அதைவிடத் துல்லியமான அளவீடு படுக்கையருகில் வேறு இல்லை.

ஆனால் துல்லியமாக அளப்பதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றாகிவிடாது. 2005-ல் வெளியான 'எஸ்கேப்' என்ற அமெரிக்க ஆய்வில், தீவிர இதயச் செயலிழப்புள்ள 433 பேரில் ஒரு பகுதியினருக்குக் குழாய் போட்டும், மற்றவர்களுக்கு மருத்துவரின் பரிசோதனையை மட்டும் வைத்தும் சிகிச்சை அளித்தார்கள். இறப்பிலோ, மருத்துவமனையில் கழித்த நாட்களிலோ வேறுபாடு இல்லை. குழாய் போட்டவர்களுக்கு அதனால் வரும் சிக்கல்கள் கூடின. அன்றிலிருந்து எல்லோருக்கும் வழக்கமாகக் குழாய் போடுவது குறைந்தது. ரத்த அழுத்தம் விழும்போது, மருந்துக்குக் கட்டுப்படாதபோது, மாற்று இதயம் பற்றி யோசிக்கும்போது அது இன்றும் தேவை. இரண்டாவது முறை சேர்க்கும்போது உங்கள் அப்பா அப்படிப்பட்ட நிலையில் இருந்திருப்பார். மறுபடியும் போடச் சொல்வார்களோ என்ற பயத்தில் அவர் பரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். வழக்கமான தொடர் பரிசோதனைக்கு அந்தக் குழாய் தேவையில்லை.

மருத்துவரின் கண்ணும் கையும்

கருவி இல்லாமல் செய்யும் மிகப் பழைய பரிசோதனை இன்றும் செல்லும். நோயாளியைச் சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்தின் வலப்பக்க நாளம் எந்த உயரம் வரை துடிக்கிறது என்று பார்ப்போம். வலது இதயத்தில் அழுத்தம் ஏற ஏற அந்த உயரமும் ஏறும். இதை அளக்கும் முறையை 1930-ல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் வகுத்தார். கழுத்து நாளம் புடைத்திருப்பவர்களுக்கும், இதயத்தில் மூன்றாவது ஒலி கேட்பவர்களுக்கும் நோய் முற்றும் வாய்ப்பு அதிகம் என்பதை 2001-ல் வந்த ஒரு பெரிய ஆய்வும் உறுதி செய்தது.

பி.பி. எண்களிலேயே இன்னொரு தகவல் ஒளிந்திருக்கிறது. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, வருவதை மேல் எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 96-லிருந்து 76 போனால் 20. அதை 96-ஆல் வகுத்தால் 21 சதவீதம். பம்பிங் மிகவும் குறைந்த நோயாளிகளில் இது 25 சதவீதத்துக்குக் கீழே போனால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கக்கூடும் என்று ஸ்டீவன்சனும் பெர்லாஃபும் 1989-ல் காட்டினார்கள். இது ஒரு துப்பு மட்டுமே. வயதானவர்களின் விறைத்த ரத்தக்குழாய்களில் இந்தக் கணக்கு தவறக்கூடும். ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அடுத்த முறை மருத்துவரிடம், "அப்பாவுக்கு மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி குறைவாக இருக்கிறதே, கை கால் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

அதே 1989 ஆய்வு பரிசோதனையின் எல்லையையும் காட்டியது. குழாய் வைத்து அளந்ததில் நுரையீரல் பக்க அழுத்தம் 22 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 43 பேர். அவர்களில் 18 பேருக்கு நுரையீரலில் இரைச்சலும் இல்லை, கால் வீக்கமும் இல்லை, கழுத்து நாளமும் ஏறவில்லை. நீண்டகால நோயில் நுரையீரலின் நிணநீர்க் குழாய்கள் பழகிப்போய் அதிக நீரை வடித்துவிடுகின்றன. ஸ்டெதஸ்கோப்புக்கு எதுவும் கேட்காது. உங்கள் உறவினர் பட்டியலில் உள்ள கருவிகள் இந்த இடைவெளியை நிரப்பத்தான் முயல்கின்றன.

எக்கோவும் நுரையீரல் அல்ட்ராசவுண்டும்

வெளியிலிருந்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் வழிகளில் முதலிடம் எக்கோவுக்குத்தான். 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த முறை இது. பம்பிங் சதவீதத்தோடு அறிக்கையை மூடிவைத்துவிடுகிறோம். உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது.

இதயத்திலிருந்து மகாதமனிக்கு ரத்தம் வெளியேறும் வழியின் குறுக்களவையும், ஒரு துடிப்பில் ரத்தம் அதில் எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதையும் டாப்ளர் முறையில் அளக்கலாம். அந்த வழி 2 செ.மீ. விட்டம் உள்ளது, ரத்தம் 20 செ.மீ. பாய்கிறது என்றால் ஒரு துடிப்புக்குச் சுமார் 63 மி.லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 4.5 லிட்டர். ஆரோக்கியமானவருக்கு ஓய்வில் 4 முதல் 8 லிட்டர் வரை இருக்கும். இந்தத் தூரம் 12 செ.மீ.க்குக் குறைந்து, துடிப்பு 90 ஆனால் 3.4 லிட்டர்தான். ஒரே நோயாளிக்கு மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண் மிகவும் உதவும்.

நீர் தேக்கத்துக்கும் எக்கோவில் சாட்சி உண்டு. வயிற்றிலிருந்து இதயத்துக்கு வரும் பெருஞ்சிரையைப் பார்ப்போம். அது 21 மி.மீ.க்கு உட்பட்டதாக இருந்து, மூக்கால் சட்டென்று மூச்சை இழுக்கும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் வலது இதய அழுத்தம் சாதாரணம். அதைவிடப் பருத்து, சுருங்காமல் நின்றால் அழுத்தம் ஏறியிருக்கிறது. இடப்பக்க அழுத்தத்தைக் கணிக்க ரத்தத்தின் வேகத்துக்கும் இதயத் தசையின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். உங்கள் அறிக்கையில் அது 'இ/இ டேஷ்' என்று இருக்கும். 14-க்கு மேல் போனால் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது நுரையீரல் அல்ட்ராசவுண்டு. காற்று நிரம்பிய நுரையீரலில் அல்ட்ராசவுண்டு அலை ஊடுருவாது. நீர் கோத்த இடங்களில் திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் இறங்கும். இவற்றுக்குப் 'பி-கோடுகள்' என்று பெயர். ஒரே இடத்தில் மூன்றோ அதற்கு மேலோ தெரிந்தால் அங்கே நீர் இருக்கிறது என்று கொள்வோம். சில நிமிட வேலை, கதிர்வீச்சு இல்லை, சட்டைப் பையில் அடங்கும் கருவியே போதும். ஸ்பெயினில் 123 நோயாளிகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், டிஸ்சார்ஜுக்குப் பிறகு இந்தக் கோடுகளைப் பார்த்து நீர் மருந்தைத் திருத்தியவர்களுக்கு மூச்சுத்திணறி அவசரமாக ஓடிவர வேண்டிய நிலை குறைந்தது. என்னைக் கேட்டால், பட்டியலில் உள்ள எல்லாப் புதுமைகளையும்விட நம் ஊருக்குப் பொருத்தமானது இதுதான். உங்கள் மருத்துவமனையில் இது செய்யப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மின்முனைகள், மேலங்கி, விரல் உறை

மார்பில் ஒட்டும் மின்முனைகள் புதியவை அல்ல. உணரவே முடியாத அளவுக்குச் சிறிய மாறுமின்னோட்டத்தை மார்பு வழியாகச் செலுத்தி, மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது இதன் அடிப்படை. ரத்தமும் நீரும் மின்சாரத்தை எளிதில் கடத்தும், காற்று கடத்தாது. எனவே நுரையீரலில் நீர் கூடினால் மின்தடை குறையும். ஒவ்வொரு துடிப்பிலும் தமனியில் ரத்தம் பாயும்போதும் அது ஏறி இறங்கும். விண்வெளி வீரர்களின் இதயத்தைக் கண்காணிக்க நாசாவுக்காக குபிசெக் குழுவினர் 1966-ல் இந்த முறையை உருவாக்கினார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நோயாளியின் மார்பு விண்வெளி வீரரின் மார்பு அல்ல. நுரையீரல் உறையில் நீர், வால்வுக் கசிவு, ஒழுங்கற்ற துடிப்பு, உடல் பருமன் எல்லாம் கணக்கைக் கலைக்கும். எஸ்கேப் ஆய்வின் ஒரு பகுதியாகக் குழாயையும் மின்தடைக் கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தின் அளவு ஓரளவுக்கு ஒத்துப்போனது. நுரையீரல் பக்க அழுத்தத்தோடு நம்பத்தக்க தொடர்பு இல்லை. ஆகவே இந்தக் கருவி காட்டும் எண்ணை உண்மையான அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே ஆளுக்கு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைப் பார்க்கலாம்; அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மேலங்கி இஸ்ரேலில் உருவானது. இடிபாடுகளுக்கு அப்பால் உள்ளவர்களைக் கண்டறிய உதவும் ரேடியோ அலைத் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்தது. குறைந்த ஆற்றல் கொண்ட அலையை மார்பு வழியாக அனுப்பி, நுரையீரலில் எத்தனை சதவீதம் நீர் என்று சொல்லும். 20 முதல் 35 சதவீதம் வரை இயல்பு. நுரையீரல் நீரைப் பொறுத்தவரை இது மின்முனைகளைவிட நம்பகமானது. ஆனால் முன்னோக்கிய ரத்த ஓட்டம் பற்றி எதுவும் சொல்லாது. தனி ஒரு குடும்பம் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளும் அல்ல.

விரலில் மாட்டும் உறை ஒன்றும் உண்டு. செக் நாட்டு விஞ்ஞானி யான் பெனாஸ் 1973-ல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு துடிப்பின் அழுத்த அலையையும் தொடர்ச்சியாகக் காட்டும். அதிலிருந்து ரத்த ஓட்டத்தைக் கணிக்கலாம். அறுவைச் சிகிச்சை அரங்கில் இதற்குப் பயன் உண்டு. கைவிரல் சில்லிட்டு, ரத்தக்குழாய் சுருங்கிய நோயாளியிடம்தான் அது தடுமாறுகிறது. நமக்குத் தேவைப்படுவதும் அவரிடம்தான்.

நுரையீரல் தமனியில் நிரந்தரமாகப் பொருத்தும் சிறு உணரி ஒன்றைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'கார்டியோமெம்ஸ்' என்பது பெயர். அமெரிக்காவில் 2014-ல் அனுமதி பெற்றது. வீட்டிலிருந்தே தினமும் அழுத்தத்தை அனுப்பும். 550 பேரிடம் நடந்த சாம்பியன் ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதம் குறைந்தது. ஆனால் அதைப் பொருத்தவே ஒரு முறை கதீட்டர் செலுத்த வேண்டும். உங்கள் அப்பா வேண்டாம் என்று சொல்வதும் அதைத்தானே.

வாட்ச், ஆக்சிமீட்டர்

ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பையும், அது ஒழுங்கற்றுப் போவதையும் ஓரளவு நன்றாகக் கண்டுபிடிக்கும். இதயச் செயலிழப்பில் மேலறைத் துடிப்பு தாறுமாறாவது அடிக்கடி நேர்வதால் அது பயனுள்ளதே. ஆனால் உறை கட்டாமல் வாட்ச் காட்டும் பி.பி.யை நம்பி மருந்தை மாற்றக்கூடாது. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் அத்தகைய கருவிகளைச் சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எல்லா வீட்டிலும் இருக்கும். அது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது. எவ்வளவு ரத்தம் போகிறது என்று காட்டுவதில்லை. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிய பிறகும் வெகுநேரம் 96, 97 என்றே நிற்கலாம். கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சு வாங்குபவரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எண்ணைப் பார்ப்பவர் யார்?

கண்காணிப்பு பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பாடம் சொன்னவை இரண்டு. 2010-ல் வெளியான 'டெலி-எச்.எஃப்.' என்ற அமெரிக்க ஆய்வில் 1,653 பேர். தினமும் தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பதிவு செய்யச் சொன்னார்கள். பலன் இல்லை. ஏழில் ஒருவர் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆறு மாத முடிவில் வாரம் மூன்று முறையாவது பதிவு செய்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான்.

2018-ல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில் 1,571 பேர். இங்கேயும் அளந்தது எளிய விஷயங்கள்தாம்: எடை, பி.பி., இ.சி.ஜி., ஆக்சிஜன். ஆனால் மறுமுனையில் 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். எண் மாறினால் அன்றே நோயாளியை அழைத்து மருந்தைத் திருத்தினார்கள். ஓராண்டில் நூறு பேருக்கு இறப்பு 11.3-லிருந்து 7.9 ஆகக் குறைந்தது. கருவிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. மறுமுனையில் ஆள் இருந்தார், வித்தியாசம் அதுதான்.

அதிகமாக அளப்பதும் ஆபத்தாகலாம். பேஸ்மேக்கர் வகைக் கருவியில் மின்தடை குறைந்தால் ஒலி எழுப்பும் வசதியை 'டாட்-எச்.எஃப்.' ஆய்வில் சோதித்தார்கள். ஒலி கேட்டவர்கள் பயந்து ஓடிவந்தார்கள். மருத்துவமனையில் சேர்வது கூடியது.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

நீர் தேக்கம் ஒரே நாளில் வருவதில்லை. ஹாங்காங்கில் 33 பேருக்கு உள்ளே பொருத்திய கருவியால் கவனித்தபோது, மூச்சுத்திணறல் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே நுரையீரல் மின்தடை இறங்கத் தொடங்கியிருந்தது. எடை பெரும்பாலும் கடைசி ஒரு வாரத்தில்தான் ஏறும். சிலருக்கு ஏறவே ஏறாது: வயிற்று நாளங்களில் தங்கியிருந்த ரத்தம் மார்புக்கு இடம் மாறினால் எடை கூடாமலே நுரையீரலில் நீர் கோத்துவிடும். பசியின்றித் தசை கரைந்துகொண்டிருந்தால், கூடும் நீரும் குறையும் தசையும் சமமாகி எடை அசையாமல் நிற்கும். எனவே எடையோடு அறிகுறிகளையும் சேர்த்தே பாருங்கள்.

*எடை:* காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையோடு, அசையாத கெட்டித் தரையில் இயந்திரத்தை வைத்துப் பாருங்கள். அப்பாவின் 61 கிலோதான் நீர் வடிந்த நிலையின் எடையா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே அழைக்க வேண்டும். விசேஷ வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறினாலும் எழுதிவையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எவ்வளவு உள்ளே போனது என்பது தெரியும்.

*பி.பி., நாடி:* ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு, மேல்கையில் கட்டும் உறையில், கை இதய உயரத்தில் இருக்க, இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். தலைசுற்றல் இருந்தால் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள்; மேல் எண் 20-க்கு மேல் விழுந்தால் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார். உங்கள் மெஷின் காட்டும் எண்ணை அவருடைய எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

*அறிகுறிகள்:* தலையணை எத்தனை வேண்டியிருக்கிறது? இரவில் மூச்சுமுட்டி எழுந்தாரா? குனிந்து செருப்பு மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குகிறதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். இதய அழுத்தம் ஏறியிருப்பவர்களிடம் அது அடிக்கடி தென்படுவதாக 2014-ல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. வயிறு உப்பி, இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாமல் போவதை 'கேஸ்' என்று விட்டுவிடாதீர்கள். குடலிலும் ஈரலிலும் நீர் தேங்கினாலும் அப்படித்தான் இருக்கும். கை கால் சில்லென்று ஆவது, சிறுநீர் குறைவது, பகலெல்லாம் தூங்கி வழிவது ஆகியவை ரத்த ஓட்டம் குறைவதன் அடையாளங்கள்.

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருக்கும். உங்கள் அப்பாவின் மருந்துகளோடு சேர்ந்து அது ஆபத்தாகலாம்.

எப்போது காத்திருக்கக்கூடாது?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி, மயக்கம், மார்புவலி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எடையையும் வாட்ச்சையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா நிறுவனம் முன்னின்று 2013-ல் பதிவு செய்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் சராசரி வயது சுமார் 61. மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாக நம்மவர்களை இந்த நோய் பிடிக்கிறது. உங்கள் அப்பாவின் வயதில் நம் ஊரில் ஏராளமானவர்கள் இதே நிலையில் இருக்கிறார்கள்.

கண்காணிப்பு என்பது மருந்தைச் சரியான அளவுக்குக் கொண்டுபோவதற்கான வழி. 2022-ல் வெளியான 'ஸ்ட்ராங்-எச்.எஃப்.' ஆய்வில் 1,078 பேர். டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் ஆறு வாரங்களில் அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்து, மருந்துகளை விரைவாக முழு அளவுக்கு உயர்த்தினார்கள். ஆறு மாதத்தில் இறப்போ மறுபடி சேர்க்கையோ நேர்ந்தவர்கள் 23.3 சதவீதத்திலிருந்து 15.2 சதவீதமாகக் குறைந்தார்கள். கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தையும் நேரத்தையும் இந்த வருகைகளுக்குச் செலவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அப்பாவின் சரியான எடை எவ்வளவு, எடை எவ்வளவு ஏறினால் நீர் மாத்திரையை எப்படி மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமை இரவு எண் மாறினால் யாரை அழைப்பது. மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில், எத்தனை விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் பயனில்லை.